பத்து மணி நேர ஆல்பம்: பிளாக் கீஸ் திரும்பிப் போன மேட்டுநிலம்

2019 டிசம்பரில் நாஷ்வில் நகரத்தின் ஈஸி ஐ சவுண்ட் ஸ்டூடியோவில் சில இசைக்கலைஞர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அது டான் ஆவர்பாக்கின் சொந்த ஸ்டூடியோ. எதிரே டிரம்ஸில் பேட்ரிக் கார்னி. இவர்கள் இருவரும்தான் 'பிளாக் கீஸ்' என்ற அமெரிக்க ராக் குழு. பக்கத்தில் ஸ்லைடு கிட்டாரோடு (விரலில் மாட்டிய குழாயைத் தந்தியில் வழுக்கி வாசிப்பது) கென்னி பிரவுன், பேஸ் கிட்டாரோடு எரிக் டீட்டன். சந்திப்பதென்று முடிவானதே சில நாள்களுக்கு முன்புதான். ஒத்திகை கிடையாது. இரண்டு பிற்பகல்கள், மொத்தம் சுமார் 10 மணி நேரம் வாசித்தார்கள். 11 பாட்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுகூட ஆவர்பாக்கோ கார்னியோ எழுதியதல்ல. எல்லாமே அமெரிக்கத் தெற்கில், வடக்கு மிசிசிப்பியின் மேட்டுநிலத்தில் புழங்கிய ப்ளூஸ் பாட்டுகள். ப்ளூஸ் என்பது கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை.

அந்த ஆல்பம் 'டெல்டா க்ரீம்'. வெளியானது 2021 மே 14, ஆவர்பாக்கின் 42-வது பிறந்தநாள். இவர்களுடைய முதல் ஆல்பமான 'த பிக் கம் அப்' வந்ததும் ஒரு மே 14 அன்றுதான், 2002-இல். அதிலும் இதே மேட்டுநிலப் பாட்டுகள் இருந்தன. இடைப்பட்ட 19 ஆண்டுகளில் இந்த ஜோடி அமெரிக்காவின் மிகப் பெரிய அரங்குகளை நிரப்பியது, கிராமி விருதுகளை வாங்கியது, ஒருவரையொருவர் விட்டு விலகியது, மறுபடி சேர்ந்தது.

'வேருக்குத் திரும்பிவிட்டார்கள்' என்று பத்திரிகைகள் எழுதின. ராக் இசையில் இந்தச் சொல் புளித்துப்போகும் அளவுக்குப் புழங்கிவிட்டது. விற்பனை தளர்ந்த குழு, அலுத்துப்போன பாடகர் என யார் சற்று இரைச்சலாக ஒரு ஆல்பம் போட்டாலும் வேர் என்கிறார்கள். இந்த ஜோடியைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே என்ன பொருள் என்று பார்ப்பது பயனுள்ளது. ஏனென்றால் ஆவர்பாக்கும் கார்னியும் மிசிசிப்பிக்காரர்கள் அல்ல. வடக்கே ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரத்துப் பையன்கள். அவர்கள் திரும்பிப் போனது தாங்கள் பிறந்த மண்ணுக்கு அல்ல. இளமையில் பாடம் கேட்ட மண்ணுக்கு.

ஆக்ரன் ஒரு காலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச், ஜெனரல் டயர் என டயர் உலகத்தின் பெரிய பெயர்களெல்லாம் அங்கே தொழிற்சாலை வைத்திருந்தன. அந்த வேலைக்காகத் தெற்கிலிருந்து வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். 1980 வாக்கில் இவர்கள் பிறந்தபோது ஆலைகள் மூடத் தொடங்கிவிட்டன. இருவரும் ஒரே அக்கம்பக்கத்தில் வளர்ந்தவர்கள், சிறு வயது முதலே பழக்கம். ஆவர்பாக் வீட்டில் தாய்வழி உறவினர்கள் புளூகிராஸ் என்ற நாட்டுப்புற இசையை வாசிப்பவர்கள். கார்னியோ ப்ளூஸ் கேட்டு வளர்ந்தவர் அல்ல. யாரிடமும் டிரம்ஸ் கற்றுக்கொண்டவரும் அல்ல. அவரிடம் இருந்தது ஒரு பதிவுக் கருவி. ஆவர்பாக் தன் வாசிப்பைப் பதிந்துகொள்ள அவர் வீட்டுக்குப் போக, வருவதாகச் சொன்ன மற்ற வாத்தியக்காரர்கள் வராமல் போக, கார்னியே டிரம்ஸில் உட்கார்ந்தார். இப்படித்தான் இருவர் குழு பிறந்தது.

அதற்கும் முன்பாக ஆவர்பாக்கின் தலையில் ஒரு மனிதர் குடியேறிவிட்டார். டேவிட் 'ஜூனியர்' கிம்ப்ரோ. அவருடைய இசையில் மூழ்கித்தான் கல்லூரிப் படிப்பை விட்டதாக ஆவர்பாக் சொல்லியிருக்கிறார்.

கிம்ப்ரோ 1930-இல் மிசிசிப்பியின் ஹட்சன்வில்லில் பிறந்தவர். அவருடைய பெயரில் முதல் முழு ஆல்பம் வந்தபோது வயது 62. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் தன் ஆட்டக்கூடத்தில் வாசிப்பார். அமெரிக்கத் தெற்கில் இதை 'ஜூக் ஜாயிண்ட்' என்பார்கள்: வயல்வேலை செய்யும் கறுப்பின மக்கள் வார முடிவில் கூடிக் குடித்து, ஆடி, பேசும் கொட்டகை. சுலஹோமா என்ற சிற்றூரில் அவர் நடத்திய 'ஜூனியர்ஸ் ப்ளேஸ்' முன்பு ஒரு தேவாலயக் கட்டடம். அக்கம்பக்கத்து விவசாயிகளோடு வெளியூர் மாணவர்களும் பெரிய ராக் நட்சத்திரங்களும் அங்கே வந்து நின்று கேட்டார்கள். 1998-இல் கிம்ப்ரோ காலமானார். 2000 ஏப்ரலில் கூடம் தீப்பிடித்து எரிந்துபோனது.

மேட்டுநில ப்ளூஸுக்கும் நமக்குப் பரவலாகத் தெரிந்த ப்ளூஸுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தெரியாமல் இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மிசிசிப்பி டெல்டா என்பது ஆற்று வண்டல் படிந்த தட்டையான சமவெளி, பெரும் பருத்திப் பண்ணைகளின் நிலம். அதன் கிழக்கே நிலம் ஏறி இறங்கத் தொடங்குகிறது. ஹாலி ஸ்பிரிங்ஸ், செனட்டோபியா, கோமோ ஆகிய ஊர்கள் இருக்கும் பகுதி. மண் அவ்வளவு வளமில்லை, பண்ணைகள் சிறியவை. இந்த மேட்டில் கிட்டாருக்கு முன்பிருந்தே ஒரு இசை உண்டு: மூங்கில் போன்ற நாணலில் துளையிட்ட குழல் ஒன்று, கூடவே முரசுகள். வெயில் காலத்து விருந்துகளில் குழல்காரர் முன்னால் நடக்க, முரசுக்காரர்கள் பின்தொடர, ஊரே ஆடும். ஓத்தர் டர்னர் என்ற விவசாயி 2003-இல் தன் 95-வது வயதில் இறக்கும்வரை அந்தக் குழலை ஊதினார். கிட்டார் வந்தபோது அந்த முரசின் நடை கிட்டாருக்குள் புகுந்துகொண்டது.

வழக்கமான ப்ளூஸ் 12 தாள அளவுகள் கொண்ட ஒரு சுற்று. ஐந்தாவது அளவில் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறும், ஒன்பதாவதில் இன்னொன்று வரும், பிறகு தொடங்கிய கார்டுக்கே வீடு திரும்பும். கேட்பவருக்கு எங்கே மாறும் என்பது உடம்பிலேயே பதிந்திருக்கும். மேட்டுநிலக்காரர்கள் அந்த மாற்றத்தையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஒரே கார்ட். கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் ஓயாமல் ஒரே அடித்தளத்தை மீட்டிக்கொண்டிருக்கும், மற்ற விரல்கள் மேலே பாட்டின் மெட்டையே தொட்டுச் செல்லும். குரலும் கிட்டாரும் பல இடங்களில் ஒரே வரியில் போகும். தம்புராவின் சுருதி மேல் ஒரு ராகம் விரிவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கார்ட் மாறாததால் சலிப்பு வருவதில்லை. கவனம் வேறு இடத்துக்குப் போகிறது: தாளம் எங்கே கொஞ்சம் பின்வாங்குகிறது, குரல் எங்கே நுழைகிறது என்பதற்கு. எட்டு நிமிடம் போனால் நேரமே நின்றுவிட்டது போலிருக்கும். கிம்ப்ரோவின் இசையில் இந்த மயக்கம்தான் உயிர்.

இன்னொன்று, பாடுபவர் தன் விருப்பப்படி சுற்றை நீட்டுவார், குறைப்பார். மூச்சு வாங்க ஓர் அடி அதிகம், சொல் முடியாவிட்டால் இரண்டு அடி அதிகம். எண்ணிக்கொண்டு வாசிப்பவருக்கு இங்கே வேலையில்லை. பாடகரின் தோளையும் வாயையும் பார்த்து வாசிக்கத் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில்தான் அந்த 'ஒத்திகை இல்லாத 10 மணி நேரம்' வேறு பொருள் கொள்கிறது. கென்னி பிரவுன் வடக்கு மிசிசிப்பியின் நெஸ்பிட்டில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டில் குடியிருந்த ஜோ காலிகாட் என்ற முதிய ப்ளூஸ் கலைஞரிடம் சிறுவனாகக் கிட்டார் பழகியவர். 1970-களின் தொடக்கத்தில் ஆர். எல். பர்ன்சைட்டோடு சேர்ந்தார். பர்ன்சைட் கிம்ப்ரோவுக்கு இணையான மேட்டுநிலக் கலைஞர். பிரவுனைத் தன் தத்துப் பிள்ளை என்றே சொல்வார். 2005-இல் பர்ன்சைட் இறந்தார். பிரவுன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது கிட்டத்தட்ட 30 ஆண்டுகள். டீட்டன் இந்த இசைக்காகவே இளம் வயதில் மிசிசிப்பிக்குக் குடிபெயர்ந்து கிம்ப்ரோவோடு வாசித்தவர். ஆவர்பாக்கும் கார்னியும் இந்தப் பாட்டுகளைப் பதின்பருவத்திலிருந்து வாசித்துவருபவர்கள். ஒத்திகை நடக்காமல் இல்லை. அது பல பத்தாண்டுகளாக வெவ்வேறு திண்ணைகளிலும் நிலவறைகளிலும் நடந்து முடிந்திருந்தது. கரடுமுரடான ஒலி என்றாலே தயாரிப்பில்லாமல் செய்தது என்று நினைப்பவர்கள் தவறவிடும் விஷயம் இதுதான். இப்படித் தளர்வாக வாசிக்க முடிவது, எது எங்கே விழும் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான்.

இனி ஒலிப்பதிவு. இன்றைய வழக்கமான ராக் பதிவில் டிரம்ஸ் ஒரு நாள், பேஸ் ஒரு நாள், கிட்டார் இன்னொரு நாள், குரல் கடைசியில். ஒவ்வொன்றும் தனித்தனி ட்ராக். பிழை இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டித் திருத்தலாம். எல்லோரும் ஒரே அறையில் வட்டமாக உட்கார்ந்து வாசித்தால் அந்த வசதி போய்விடும். டிரம்ஸின் ஒலி கிட்டார் மைக்கில் கசியும், கிட்டார் பாடகரின் மைக்கில் கசியும். ஒருவருடைய பிழையைத் தனியே பிடுங்கி எறிய முடியாது. எறிந்தால் மற்றவர்களின் நல்ல கணமும் சேர்ந்து போகும். ஆகவே ஒரு டேக்கை, அதாவது ஒரு முறை வாசித்த பதிவை, அப்படியே ஏற்க வேண்டும், இல்லையென்றால் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். அந்தக் கசிவுதான் கேட்கும்போது 'ஒரு அறைக்குள் இருக்கிறோம்' என்ற உணர்வைத் தருகிறது. பிழை திருத்தும் வழியை அடைத்துவிட்டதால் வாசிப்பவர்களும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2002-இல் இவர்களுக்கு வேறு வழியில்லாமல் இப்படி நடந்தது. முதல் ஆல்பம் கார்னி வீட்டு நிலவறையில் எளிய கருவிகளில் பதிவானது. அடுத்து ஃபேட் பாசம் என்ற இசைத்தட்டு நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்தது. மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் 1991-இல் தொடங்கிய அந்தச் சிறிய நிறுவனம்தான் கிம்ப்ரோவையும் பர்ன்சைட்டையும் வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. கொடுத்த முன்பணம் வீட்டு வாடகைக்கே போய்விட்டது. இரண்டாவது ஆல்பமான 'திக்ஃப்ரீக்னஸ்' அதே நிலவறையில், 1980-களின் பழைய எட்டு ட்ராக் டேப் கருவியில், ஒரே மூச்சில் 14 மணி நேரத்தில் முடிந்தது. மூன்றாவதை ஆக்ரனில் கைவிடப்பட்ட ஜெனரல் டயர் ஆலைக் கட்டடத்தில் பதிந்தார்கள். பெயரே 'ரப்பர் ஃபாக்டரி'.

2006-இல் 'சுலஹோமா' என்ற குறு ஆல்பம் வந்தது. முழுக்க முழுக்க கிம்ப்ரோவின் பாட்டுகள். முடிவில் தொலைபேசியில் விட்டுச்சென்ற ஒரு செய்தி ஒலிக்கும். கிம்ப்ரோவின் மனைவி பேசுகிறார், தன் கணவரின் பாட்டுகளை இவர்கள் பாடியது பிடித்திருக்கிறது என்கிறார். ப்ளூஸை எடுத்துப் பாடிய எத்தனையோ வெள்ளை இளைஞர்களின் ஆல்பங்களில் நான் தேடியும் கிடைக்காத ஒரு கணம் அது. பாட்டுக்காரரின் வீட்டாரின் குரல், அதே தட்டில்.

பிறகு வேறு காலம். 2008-இல் டேஞ்சர் மவுஸ் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்தார்கள். 2010-இல் 'பிரதர்ஸ்', 2011-இல் 'எல் கமினோ'. கிராமி விருதுகள் குவிந்தன. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிகழ்ச்சிக்கான டிக்கெட்டுகள் 15 நிமிடத்தில் தீர்ந்தன. 2014-இல் 'டர்ன் ப்ளூ' அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. கீபோர்டு, பின்னணிக் குரல், அடுக்கடுக்கான ட்ராக்குகள் என இருவர் குழு மேடையில் நால்வராகவும் ஐவராகவும் ஆனது. அந்த ஆல்பங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். 'பிரதர்ஸ்' இன்றும் சிறந்த ஆல்பம்தான். ஆனால் 2015-க்குப் பிறகு இருவரும் நான்கு ஆண்டுகள் சேர்ந்து வாசிக்கவே இல்லை. 2019-இல் மீண்டும் சேர்ந்து, அந்த ஆண்டுச் சுற்றுப்பயணம் முடிந்த கையோடுதான் அந்த இரண்டு பிற்பகல்கள்.

அப்படியானால் 2019-இன் கரடுமுரடு 2002-இன் கரடுமுரடு அல்ல. நிலவறையில் ஒலி உடைந்தது, கருவி தாங்காததால். ஈஸி ஐ சவுண்டில் எல்லாக் கருவியும் இருந்தது. கைகள்தான் கட்டுப்பட்டன. 'டெல்டா க்ரீம்' கேட்டால் தெரியும்: ஒலி தெளிவாக இருக்கிறது, சூடாக இருக்கிறது. கரகரப்பு பழைய அளவில் இல்லை. ஆவர்பாக் பல இடங்களில் உரக்கப் பாடாமல் மெல்லிய மேல்குரலில் பாட்டை மிதக்க விடுகிறார். கார்னி அடிப்பதைவிட அடிக்காமல் விடுவது அதிகம். 23 வயதில் அவர்கள் பாட்டை விரட்டினார்கள், 40 வயது வாக்கில் பாட்டு போகிற வேகத்தில் நடக்கிறார்கள். என் காதுக்கு 'சுலஹோமா'வின் பசி இதில் இல்லை. அதற்குப் பதில் அங்கே இல்லாத ஓர் இளைப்பாறல் இருக்கிறது, பெரும்பங்கு பிரவுனின் ஸ்லைடு கிட்டார் தந்தது. குரல் முடித்த வரியை அவர் தந்தியில் எடுத்து இன்னொரு முறை சொல்லும்போது பர்ன்சைட்டின் திண்ணை கண்ணில் வந்து போகிறது.

இரண்டு பேர் என்ற அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் கிட்டார், டிரம்ஸ் மட்டும் கொண்ட ஜோடிகள் ராக் உலகில் பெரிதாகப் பேசப்பட்டன. டெட்ராய்ட்டின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் முன்னால் போனது, பிளாக் கீஸ் அந்த நிழலில் பல ஆண்டுகள் இருந்தது. பேஸ் இல்லாமல் எப்படி என்று எல்லோரும் வியந்தார்கள். மேட்டுநிலத்தில் அது அதிசயமே அல்ல. பர்ன்சைட்டின் கடைசி ஆண்டுகளின் குழுவில் அவர், பிரவுன் என இரண்டு கிட்டார், டிரம்ஸில் பேரன் செட்ரிக் பர்ன்சைட். பேஸ் கிடையாது. கட்டைவிரல்தான் பேஸ். புதுமை என்று நகரம் கொண்டாடிய வடிவம், கிராமத்துக் கொட்டகையில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது.

ஆல்பத்தின் பெயரில் எனக்கு ஒரு மனக்குறை. 'டெல்டா க்ரீம்' என்பது அட்டைப்படத்தில் இருக்கும் கடையின் பெயர். புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் மிசிசிப்பியில் எடுத்த புகழ்பெற்ற வண்ணப்படம் அது. அழகான படம்தான். ஆனால் ப்ளூஸ் என்றாலே டெல்டா என்று உலகம் பழகிப்போயிருக்கிறது. மேட்டுநிலக்காரர்கள் தங்கள் இசை வேறு என்று சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள். அவர்களைக் கௌரவிக்கும் ஆல்பத்தின் முகப்பிலேயே பக்கத்து நிலத்தின் பெயர் வந்து நிற்கிறது.

பெயரைவிடப் பெரிய கேள்வி உரிமை. ஏழைக் கறுப்பின விவசாயிகள் உருவாக்கிய இசையை வெள்ளைக் குழுக்கள் எடுத்துப் பாடிப் பணக்காரர்களான வரலாறு நீளமானது. பல நேரங்களில் பாட்டை எழுதியவரின் பெயரே போடப்படவில்லை. பிளாக் கீஸ் அந்தத் தவறைச் செய்யவில்லை. கிம்ப்ரோ, பர்ன்சைட், ஃப்ரெட் மெக்டவல் என்று யார் வழியாகப் பாட்டு வந்தது என்பதைச் சொல்லித்தான் பாடுகிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி ஏற்கெனவே வெளிவந்த பாட்டை யார் வேண்டுமானாலும் மறுபதிவு செய்யலாம். அதற்கு விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டின் உரிமையாளருக்குக் கட்டணம் சேர வேண்டும். 'டெல்டா க்ரீம்' வந்தபோது அது ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிமிடத்துக்கு 1.75 சென்ட். ஆனால் பெயரும் கட்டணமும் சரியாக இருப்பதாலேயே கேள்வி தீர்வதில்லை. உரிமை யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் காசு போகும். எத்தனையோ பழைய பாட்டுகளில் அது பாடியவரின் கையில் இல்லை. சில பாட்டுகளுக்கு ஒரே உரிமையாளரைச் சொல்வதே கடினம். இந்த ஆல்பத்தின் முதல் பாட்டான 'க்ராலிங் கிங்ஸ்நேக்'கை 1941-இல் ப்ளூஸ் கலைஞர் பிக் ஜோ வில்லியம்ஸ் பதிந்தார், 1949-இல் ஜான் லீ ஹூக்கர் பதிந்து புகழாக்கினார். பிளாக் கீஸ் வாசிப்பதோ கிம்ப்ரோ அதற்குக் கொடுத்த நடையில். வரி ஒருவருடையது, நடை இன்னொருவருடையது. சட்டம் வரிக்கும் மெட்டுக்கும் காசு தரும். மேட்டுநில ப்ளூஸில் உயிர் இருப்பது நடையில்.

அதனால்தான் பிரவுனையும் டீட்டனையும் அழைத்ததை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். இருவர் மட்டுமே வாசித்திருந்தால் அஞ்சலியாக இருந்திருக்கும். அந்தக் கொட்டகைகளில் வாசித்த கைகள் உள்ளே வந்ததும் பாட்டு அதன் வீட்டாரோடு பேசத் தொடங்கியது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரவுனும் டீட்டனும் வெள்ளையர்களே. கறுப்பின மேட்டுநிலத்தின் அடுத்த தலைமுறை அந்த வட்டத்தில் இல்லை. அது வேறு இடத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தாத்தாவுக்கு டிரம்ஸ் வாசித்த செட்ரிக் பர்ன்சைட் பின்னாளில் கிட்டாருக்கு மாறினார், தானே பாட்டு எழுதினார். 'டெல்டா க்ரீம்' வந்த அதே 2021-இல் மெம்பிஸின் ராயல் ஸ்டூடியோவில் பதிந்த 'ஐ பி ட்ரையிங்' என்ற அவருடைய ஆல்பமும் வந்தது. தாத்தாவின் பாட்டு ஒன்று, கிம்ப்ரோவின் பாட்டு ஒன்று, மற்றவை பெரும்பாலும் அவரே எழுதியவை. 2022 ஏப்ரல் 3 அன்று கிராமி விழா. பிளாக் கீஸ் வாசித்த பழைய பாட்டுகள் 'சமகால ப்ளூஸ்' பிரிவில் பரிந்துரையாகியிருந்தன. செட்ரிக்கின் புதிய பாட்டுகள் 'மரபு ப்ளூஸ்' பிரிவில். சமகாலப் பிரிவின் விருது டெல்டாவின் கிளார்க்ஸ்டேலைச் சேர்ந்த இளைஞர் 'கிங்ஃபிஷ்' இங்ரமுக்குப் போனது. மரபுப் பிரிவில் ஆர். எல். பர்ன்சைட்டின் பேரன் வென்றார்.